ஜிம்முக்குப் புதுசா? முதல் 12 வாரம் என்ன செய்யணும், எதைத் தவிர்க்கணும்?

ஜிம்மில் சேர்ந்து பாதியில் விட்டவர்களிடம் கேட்டால், முதல் நாளைவிட மூன்றாம் நாளைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். முதல் நாள் ஒரே உற்சாகம். புது ஷூ, புது பாட்டில், பக்கத்தில் இருப்பவர் தூக்கியதில் பாதியாவது தூக்கிவிட வேண்டும் என்ற வேகம். மறுநாள் லேசான வலி. மூன்றாம் நாள் காலையில் படிக்கட்டு இறங்க முடியாது, தலை சீவக் கை தூக்க முடியாது. "இன்னிக்கு ஒரு நாள் ரெஸ்ட் எடுத்துக்கலாம்" என்று தொடங்கும் ஓய்வு, பலருக்கு அடுத்த ஜனவரி வரை நீண்டுவிடுகிறது.

பெரும்பாலும் இதற்குக் காரணம் சோம்பல் இல்லை. மூன்று மாதத்தில் செய்ய வேண்டியதை மூன்று நாளில் செய்யப் பார்ப்பதுதான். புதிதாகச் சேர்பவர் முதல் 12 வாரங்களை எப்படிக் கடப்பது? பணம், எடை, வலி, சாப்பாடு என ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உடற்பயிற்சி ஏன் அவசியம்?

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவின் ஆய்வு ஒன்று 2024-ல் 'தி லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியானது. அதன்படி 2022-ல் இந்தியாவில் வயது வந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, அதாவது 49.4 சதவீதம் பேருக்கு, போதுமான உடலுழைப்பு இல்லை. 2000-ல் இது 22 சதவீதமாக இருந்தது. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம்.

இன்னொரு பக்கம் சர்க்கரை நோய். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்த 'இண்டியாப்' ஆய்வின் முடிவுகள் 2023-ல் வந்தன. நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலை என்பது அதன் கணக்கு.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது தசை. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும் பங்கை உள்ளே இழுத்துக்கொள்வது உடலின் தசைகள்தான். வேலை செய்யும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அதனால் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு எடைப் பயிற்சி என்பது 'சிக்ஸ் பேக்' சமாச்சாரம் மட்டும் இல்லை.

எவ்வளவு செய்தால் போதும்? வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், கூடவே வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். கவனிக்க வேண்டியது அந்த '2 நாள்'. தினமும் இரண்டு மணி நேரம் ஜிம்மில் கிடக்க வேண்டியதில்லை.

ஆண்டுச் சந்தா கட்டலாமா?

"மாசத்துக்குக் கட்டினா இவ்வளவு, வருஷத்துக்குக் கட்டினா பாதிதான் சார், ஆஃபர் இன்னிக்கோட முடியுது." வரவேற்பு மேஜையில் வழக்கமாகக் கேட்கும் வசனம். கணக்குப் போட்டால் லாபம் மாதிரிதான் தெரியும்.

உதாரணத்துக்கு, ஆண்டுக் கட்டணம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 3 நாள் போனால் ஆண்டுக்கு 156 நாள். ஒரு நாளுக்கு 96 ரூபாய். மாதத்துக்கு 4 நாள்தான் போக முடிகிறது என்றால் ஒரு நாளுக்கு 312 ரூபாய் ஆகிவிடுகிறது. இரண்டு மாதத்தில் நின்றுவிட்டால் கணக்கே வேண்டாம்.

இதைப் பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தே இருக்கிறார்கள். ஸ்டெஃபானோ டெல்லாவின்யா, உல்ரிக் மால்மெண்டியர் இருவரும் அமெரிக்க ஜிம் உறுப்பினர்களின் வருகைப் பதிவை வைத்து 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் போயிருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே ஜிம்மில் 10 முறைக்கான பாஸ் வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான். சேரும் நாளில் இருக்கும் உற்சாகத்தை வைத்து ஆண்டு முழுவதையும் கணக்குப் போட்டுவிடுகிறோம் என்பதுதான் இதில் உள்ள செய்தி.

ஆகவே, முதலில் ஒரு மாதமோ மூன்று மாதமோ கட்டுவது நல்லது. கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும் நஷ்டத்துக்கு ஓர் எல்லை இருக்கும். தொடர்ந்து போக முடிகிறது என்று தெரிந்த பிறகு ஆண்டுச் சந்தாவைப் பற்றி யோசிக்கலாம். ஆஃபர் மறுபடியும் வரும்.

பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யலாம். எந்த நேரத்தில் போகப் போகிறோமோ அதே நேரத்தில் ஒரு முறை போய்ப் பார்ப்பது. மதியம் காலியாக இருக்கும் ஜிம்மில் மாலை 7 மணிக்கு ஒரு பெஞ்சுக்கு மூன்று பேர் காத்திருக்கக்கூடும். வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ போகும் வழியில் இருக்கிறதா என்பதும் முக்கியம். சென்னை, கோவை போக்குவரத்தில் அரை மணி நேரம் சுற்றிப் போக வேண்டிய 'பிரீமியம்' ஜிம்மைவிட, தெருமுனையில் இருக்கும் சாதாரண ஜிம் மேல்.

முதலில் டாக்டரைப் பார்க்கணுமா?

கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதில் காலமானபோது, அன்று காலை அவர் உடற்பயிற்சி செய்ததாக வந்த செய்தி பலரையும் பயமுறுத்தியது. 'ஜிம்முக்குப் போறதே ஆபத்தோ' என்ற பேச்சு கிளம்பியது. முறையான உடற்பயிற்சி நீண்ட காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. அதே நேரம், ஏற்கெனவே உள்ளுக்குள் பிரச்சினை இருப்பவர் திடீரென்று கடுமையாகப் பயிற்சி செய்தால் அந்த நேரத்தில் ஆபத்து கூடலாம். இரண்டும் உண்மைதான்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் பேசிவிட்டே தொடங்க வேண்டும்:

- நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சு வலி, நெஞ்சில் இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல்
- மயக்கம், படபடப்பு
- ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரகப் பிரச்சினை
- குடும்பத்தில் இளம் வயதிலேயே மாரடைப்போ திடீர் மரணமோ நடந்திருப்பது
- நீண்ட காலப் புகைப்பழக்கம், 40 வயதைத் தாண்டியும் பயிற்சியே இல்லாமல் இருந்தது
- மூட்டு, முதுகுத் தண்டு பிரச்சினை, சமீபத்திய அறுவை சிகிச்சை, கர்ப்பம்

எதுவும் இல்லை என்பவர்களும் ஒரு முறை ரத்த அழுத்தத்தையும் வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டுமே அறிகுறி காட்டாமல் ஏறக்கூடியவை. சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். என்ன சாப்பிட்டுவிட்டுப் போவது, கையில் என்ன வைத்துக்கொள்வது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பயிற்சியின் நடுவே நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டிக்கொண்டு வருவது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். 'கேஸ்தான், சரியாயிடும்' என்று வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. காய்ச்சல் இருக்கும் நாளில் ஜிம் பக்கமே போக வேண்டாம்.

திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக்... இந்த சார்ட் சரியா?

பெரும்பாலான ஜிம்களில் புதியவருக்கும் கிடைப்பது இதுதான். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, வெள்ளி கால். இது பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்குப் பொருந்தலாம். புதியவருக்கு இதில் இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, ஒரே நாளில் ஒரே தசைக்கு நாலைந்து பயிற்சிகள். பழகாத தசைக்கு இது அதிகம். மூன்றாம் நாள் வலிக்குக் காரணமே இதுதான். இரண்டு, வெள்ளிக்கிழமை ஆபீஸில் ரிலீஸ் என்று போக முடியாவிட்டால் காலுக்கு அந்த வாரம் பயிற்சியே கிடையாது. அடுத்த வாரமும் அப்படியே ஆனால் இரண்டு வாரம் போச்சு.

புதியவருக்கு எளிதானது, 'ஃபுல் பாடி' முறை. வாரத்துக்கு 3 நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒவ்வொரு முறையும் உடல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம். ஒரு நாள் தவறினாலும் எந்தத் தசையும் பட்டினி கிடக்காது. ஒரே அசைவை வாரத்துக்கு மூன்று முறை செய்வதால் சீக்கிரம் பழகியும் விடும்.

ஒரு மாதிரித் திட்டம்:

1. வார்ம் அப்: 5 முதல் 8 நிமிடம் ட்ரெட்மில்லில் வேக நடை அல்லது சைக்கிள். பிறகு தோள், இடுப்பு, முழங்கால் அசைவுகள்.
2. காப்லெட் ஸ்குவாட்: ஒரு டம்பெலை மார்போடு பிடித்து உட்கார்ந்து எழுவது. அது முடியாதவர்கள் பெஞ்சைப் பின்னால் வைத்துக்கொண்டு, வெறும் உடலோடு உட்கார்ந்து எழலாம்.
3. டம்பெல் பெஞ்ச் பிரஸ் அல்லது செஸ்ட் பிரஸ் மெஷின்: தள்ளும் அசைவு.
4. லாட் புல்டவுன்: மேலிருந்து இழுக்கும் அசைவு.
5. டம்பெல் ரோமேனியன் டெட்லிஃப்ட்: முதுகை வளைக்காமல், இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து நிமிர்வது. தரையிலிருந்து கேஸ் சிலிண்டர் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.
6. சீட்டட் ரோ: முன்னாலிருந்து இழுக்கும் அசைவு. நாள் முழுக்க லேப்டாப் முன் கூனி உட்கார்பவர்கள் இதை விடக் கூடாது.
7. பிளாங்க்: 15 முதல் 30 விநாடி.

மொத்தமே 45 முதல் 60 நிமிடம். இதில் இல்லாத பைசெப்ஸுக்கு ஆசைப்பட்டால் கடைசியில் ஒரு செட் சேர்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. மற்ற நாள்களில் நடை போதும்.

எவ்வளவு எடை தூக்கலாம்?

முதல் இரண்டு வாரம் 'இவ்வளவுதானா' என்று தோன்றும் எடைதான் சரியான எடை. ஒவ்வொரு பயிற்சியிலும் 1 அல்லது 2 செட், செட்டுக்கு 10 ரெப். அதாவது 10 முறை. செட் முடியும்போது இன்னும் நாலைந்து முறை செய்யலாம் என்ற தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். இந்த இரண்டு வாரமும் அசைவைக் கற்றுக்கொள்வதற்கு.

மூன்றாம் வாரத்திலிருந்து 2 செட், பிறகு 3 செட். இப்போது இன்னும் இரண்டு, மூன்று முறை செய்யலாம் என்ற இடத்தில் நிறுத்தினால் போதும். எப்போது எடையைக் கூட்டுவது? எல்லா செட்டிலும் 8 முறை செய்ய முடிகிற எடையில் தொடங்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் 9, 10 என்று ஏற்றி, எல்லா செட்டிலும் 12 முறை சுத்தமாக வந்த பிறகு அடுத்த சிறிய எடைக்குப் போக வேண்டும். அங்கே மறுபடியும் 8-ல் தொடங்கலாம்.

பார்பெல் பிடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போட்டிகளில் பயன்படும் ஆண்களுக்கான பாரின் எடையே 20 கிலோ. பெண்களுக்கானது 15 கிலோ. 'வெறும் பார்தானே' என்று நினைக்கக் கூடாது. உள்ளூர் ஜிம்களில் பாரின் எடை மாறுபடும் என்பதால் கேட்டுவிட்டே கணக்குப் போட வேண்டும்.

மூச்சு விஷயத்தில் ஒரே விதி. எடையைத் தூக்கும்போதும் தள்ளும்போதும் மூச்சை விட வேண்டும், இறக்கும்போது இழுக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

செய்ததைப் போனில் குறித்துவைப்பது நல்ல பழக்கம். பயிற்சி, எடை, எத்தனை முறை என மூன்று விவரங்கள் போதும். போன வாரம் என்ன தூக்கினோம் என்று தெரியாமல் இந்த வாரம் எதைக் கூட்டுவது?

வலி: எது சகஜம், எது ஆபத்து?

பழகாத பயிற்சி செய்த 12 முதல் 24 மணி நேரத்தில் தசையில் வலி தொடங்கும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். பிறகு தானாகக் குறையும். மூன்றாம் நாளில் படியிறங்க முடியாமல் போவது இதனால்தான். 'லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு' என்று ஜிம்மில் சொல்வார்கள். அது சரியில்லை. பயிற்சியில் உருவாகும் லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடும். பளுவைத் தாங்கியபடியே தசை நீளும்போது, அதாவது எடையை மெல்ல இறக்கும்போது, தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதை உடல் சரிசெய்வதும்தான் இந்த வலிக்கு முக்கியக் காரணம்.

லேசான வலியோடு ஜிம்முக்குப் போகலாம். எடையைக் குறைத்துக்கொண்டு அதே அசைவுகளைச் செய்தால் இறுக்கம் தளரும். அடுத்த முறை அதே பயிற்சிக்கு வலி குறைவாகவே இருக்கும். வலி வந்தால்தான் பயிற்சி பலித்தது என்றும் அர்த்தம் இல்லை.

ஆனால் சில வலிகளைச் சகித்துக்கொள்ளக் கூடாது. மூட்டுக்குள் குத்துவது போன்ற வலி, செய்துகொண்டிருக்கும்போதே சுரீரென்று வரும் வலி, கை கால் மரத்துப்போவது, காலுக்கு இறங்கும் முதுகு வலி ஆகியவை வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று அரிதானது, ஆனால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. அளவுக்கு மீறிப் பயிற்சி செய்யும்போது தசை நார்கள் பெருமளவில் சிதைந்து, உள்ளே இருக்கும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். 'ராப்டோமயோலிசிஸ்' என்று பெயர். தாங்க முடியாத வலி, தசை வீக்கம், கட்டஞ்சாயா நிறத்தில் சிறுநீர் ஆகியவை இதன் அறிகுறிகள். சிறுநீரின் நிறம் அப்படி மாறினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழக்கமில்லாத உடல், ஏ.சி. இல்லாத ஜிம், சித்திரை வெயில், குறைவான தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் ஆபத்து கூடும். 'முதல் நாளே 100 பஸ்கி எடு' என்று நண்பர்கள் பந்தயம் கட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

"மாஸ்டர், எத்தனை நாள்ல பாடி வரும்?"

முதல் சில வாரங்களில் பலம் வேகமாகக் கூடும். 5 கிலோ டம்பெல் கனத்த இடத்தில் 7.5 கிலோ எளிதாக வரும். ஆனால் கண்ணாடியில் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. இதில் குழப்பம் ஒன்றும் இல்லை. முதலில் மாறுவது நரம்பு மண்டலம். இருக்கும் தசையை அதிகமாகவும் ஒழுங்காகவும் வேலை வாங்க மூளை கற்றுக்கொள்கிறது. தசை கண்ணுக்குத் தெரியும் அளவு வளரப் பொதுவாக 8 முதல் 12 வாரம் ஆகும்.

தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் இன்னும் மெதுவாகத்தான் பலப்படும். சிக்கல் வருவது இங்கேதான். ஆறாவது வாரத்தில் 'தூக்க முடியுதே' என்று தோன்றும். தசைக்கு முடியும், தோள்பட்டைக்கும் முழங்கைக்கும் முடியாது. வேகமாக எடை ஏற்றியவர்கள் பலர் இந்தக் கட்டத்தில்தான் தோள் வலியோடு நிற்கிறார்கள்.

புரோட்டீன் பவுடர் வேணுமா?

ஐ.சி.எம்.ஆர்.-தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, வயது வந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குத் தேவை. 65 கிலோ எடை உள்ளவருக்கு இது சுமார் 54 கிராம். எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான ஓர் அலசல், கிலோவுக்கு சுமார் 1.6 கிராமைத் தாண்டினால் தசை வளர்ச்சிக்குப் பெரிய கூடுதல் பலன் தெரியவில்லை என்றது. அதே 65 கிலோ நபருக்கு இது 104 கிராம். இது எட்டியே தீர வேண்டிய இலக்கு இல்லை. இதற்கு மேல் போய்ப் பயனில்லை என்ற எல்லை.

பி.ஜி.யில் தங்கி மெஸ்ஸில் சாப்பிடுபவரால் இதை எட்ட முடியுமா? தோராயமாக ஒரு கணக்கு:

- காலை: 4 இட்லி, சாம்பார், 2 அவித்த முட்டை – சுமார் 23 கிராம்
- மதியம்: சாதம், சாம்பார், தயிர், 100 கிராம் சமைத்த சிக்கன் – சுமார் 39 கிராம்
- மாலை: ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் – சுமார் 8 கிராம்
- இரவு: 3 சப்பாத்தி, பருப்பு, ஒரு டம்ளர் பால் – சுமார் 24 கிராம்

மொத்தம் 94 கிராம். பவுடர் இல்லாமலேயே வந்துவிட்டது. சைவம் என்றால் சிக்கனுக்குப் பதில் 50 கிராம் மீல்மேக்கர் போட்டால் சுமார் 26 கிராம் புரதம் கிடைக்கும். பனீர், வேர்க்கடலை, பயறு வகைகளும் கைகொடுக்கும். மூன்று வேளையும் சாதமும் ரசமும் மட்டும் என்றால்தான் கஷ்டம்.

2024-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், தசை வளர்க்க புரோட்டீன் சப்ளிமெண்ட்டைத் தவிர்க்கச் சொல்கிறது. சாப்பாட்டில் போதவே இல்லை, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், தயாரிப்புத் தேதி, சீல் எல்லாவற்றையும் பார்த்து வாங்க வேண்டும். டப்பாவிலிருந்து பிரித்து பாலிதீன் பையில் தருவதை வாங்கவே கூடாது. சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. 'ப்ரீ வொர்க்அவுட்' பொடிகளில் காஃபின் அதிகமாக இருப்பது வழக்கம். வெறும் வயிற்றில் படபடப்புதான் மிச்சம்.

ஊசி விஷயத்தில் பேச்சே கிடையாது. 'ஒரு சைக்கிள் போட்டா மூணு மாசத்துல பாடி' என்று யாராவது சொன்னால், அது ஸ்டீராய்டு. உடல் தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனை அது அடக்கிவிடும். விந்தணு குறைவு, ஆண்களுக்கு மார்பகம் வளர்வது, கல்லீரல் பாதிப்பு, இதயத் தசை தடித்துப்போவது வரை கொண்டுபோய்விடும். ஊசி போடச் சொல்லும் ஜிம்மை அன்றே விட்டுவிடலாம்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

*வெயிட் தூக்கினால் பெண்களுக்கு உடம்பு ஆம்பள மாதிரி ஆயிடுமா?* ஆகாது. பெண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு. அவ்வளவு பெரிய தசை சும்மா வந்துவிடாது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும் என்பதால், எலும்பையும் பலப்படுத்தும் எடைப் பயிற்சி பெண்களுக்கு இன்னும் அவசியம். ட்ரெட்மில்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

*சிட் அப்ஸ் எடுத்தால் தொப்பை குறையுமா?* வயிற்றுத் தசை பலமாகும். அதன் மேல் இருக்கும் கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் கரையாது. உடல் முழுக்கக் கொழுப்பு குறையும்போது அங்கேயும் குறையும். அதில் சாப்பாட்டின் பங்குதான் பெரிது. அரை மணி நேர நடையில் எரித்த கலோரியை இரண்டு பரோட்டா திருப்பிக் கொடுத்துவிடும்.

*நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன், எப்போது போவது?* ஷிஃப்ட் முடிந்த கையோடு தூக்கக் கலக்கத்தில் எடை தூக்க வேண்டாம். தூங்கி எழுந்து, ஷிஃப்ட்டுக்கு முன்னால் போகலாம். தூக்கம் 7 மணி நேரத்துக்குக் குறைந்தால் உடல் தேறுவதும் மெதுவாகத்தான் நடக்கும்.

*பர்சனல் ட்ரெய்னர் வைக்கணுமா?* கட்டாயம் இல்லை. முதல் மாதம் வைத்து அசைவுகளைச் சரியாகக் கற்றுக்கொள்வது செலவுக்கு ஏற்ற பலன் தரும். நல்ல மாஸ்டரை அடையாளம் காண்பது எளிது. சார்ட் கொடுக்கும் முன் பழைய காயம், நோய், மருந்து பற்றிக் கேட்பார். செய்யும்போது போனைப் பார்க்காமல் நம்மைப் பார்ப்பார். அசைவு கெட்டுப்போனால் எடையைக் குறைக்கச் சொல்வார். எல்லோருக்கும் ஒரே ஜெராக்ஸ் சார்ட்டை நீட்டிவிட்டு பவுடர் டப்பாவைக் காட்டுபவர் அந்த ரகம் இல்லை.

*எல்லோரும் நம்மையே பார்ப்பார்களோ?* பெரும்பாலும் அவரவர் கண்ணாடியைத்தான் பார்ப்பார்கள். ஜிம்முக்கென்று தனி ஷூ, ஒரு டவல், முடித்ததும் பிளேட்டுகளை எடுத்த இடத்தில் வைப்பது, பெஞ்சைத் துடைப்பது. இவ்வளவு செய்தால் புதியவரையும் பழையவர்கள் மதிப்பார்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போய் 10 நாள் விட்டுப்போச்சு. இப்போ?

பலருக்கும் ஜிம் கதை முடிவது இங்கேதான். பத்து நாள் விட்டவர், 'எல்லாம் போச்சு, முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்' என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறார். அல்லது விட்டதைப் பிடிக்கிறேன் என்று இரட்டிப்பாகச் செய்து மறுபடியும் படுத்துவிடுகிறார்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற எத்தனை நாள் ஆகிறது என்பதே கேள்வி. சராசரி 66 நாள் என்று தெரிந்தது. ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கங்களைவிட உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் தேவைப்பட்டது. '21 நாளில் பழக்கம்' என்ற நம்பிக்கையோடு வருபவர்கள் 22-வது நாளில் சோர்ந்துபோக வேண்டியதில்லை. அதே ஆய்வில் தெரிந்த இன்னொன்று, நடுவில் ஒரு நாள் தவறவிட்டது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

ஒன்றிரண்டு வார இடைவெளியில் சேர்த்த பலம் பெரிதாகக் குறையாது. திரும்பி வரும் முதல் நாள் எடையையும் செட்டையும் பாதியாகக் குறைத்துக்கொண்டால் போதும். அடுத்த வாரம் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். ஊரில் இருக்கும்போதே வாரம் இரண்டு முறை 15 நிமிடம் தண்டாலும் பஸ்கியும் எடுத்தால் இன்னும் நல்லது. தாத்தா காலத்துப் பயிற்சிகள்தான். மெஷினும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம்.

வேலை அதிகமாகிக் கொஞ்சம்கூட நேரம் இல்லாத வாரங்களும் வரும். அப்போது வாரத்துக்கு இரண்டு நாள், ஸ்குவாட், பிரஸ், புல்டவுன் என்ற மூன்று பயிற்சி மட்டும், 25 நிமிடம். 12 வாரத்தின் முடிவில் எத்தனை கிலோ தூக்கினோம் என்பதைவிட, எத்தனை வாரம் விடாமல் போனோம் என்று எண்ணிப் பார்க்கலாம். 12-ல் 10 வாரம் போயிருந்தால், ஆண்டுச் சந்தாவைப் பற்றி விசாரிக்க அது சரியான நேரம்.